புயலுக்கும் கச்சேரிக்கும் நடுவே

2015 டிசம்பர் 1. 2016 டிசம்பர் 12. 2023 டிசம்பர் 4. சென்னையில் விடுதியோ டிராவல்ஸோ நடத்துகிறவர்கள் இந்த மூன்று தேதிகளையும் எளிதில் மறக்கமாட்டார்கள். முதல் தேதியில் அடையாறு ஊருக்குள் புகுந்தது. இரண்டாவதில் வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்துப் போட்டது. மூன்றாவதில் மிக்ஜாம், சென்னையில் கரையைத் தொடாமலேயே சென்னையை மிதக்கவிட்டது. இவற்றோடு இன்னொரு தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது டிசம்பர் 15. மியூசிக் அகாடமியின் இசைவிழா பெரும்பாலும் அன்றோ அதையொட்டியோதான் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால், பேரிடருக்கும் சீசனுக்கும் நடுவே 2015-ல் கிடைத்தது இரண்டு வாரம், 2016-ல் மூன்று நாள், 2023-ல் பதினோரு நாள்.

ஆழ்வார்பேட்டைக்கு இந்தக் கணக்கு மற்ற பேட்டைகளைவிட அதிகம் கையைக் கடிக்கும். டி.டி.கே. சாலையின் வடக்கு முனையில் அகாடமி, சற்றுத் தெற்கே நாரத கான சபா. மயிலாப்பூர் சபாக்களுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அதனால்தான் கஸ்தூரி ரங்கா சாலையிலிருந்து சி.பி. ராமசாமி சாலை வரை பழைய பங்களாக்களும் அடுக்குமாடி வீடுகளும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டாகவும் கெஸ்ட் ஹவுஸாகவும் மாறியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் ஆகஸ்டிலேயே அறைக்குச் சொல்லிவைக்கிறார்கள். வந்தால் மூன்று வாரம், நாலு வாரம் தங்குகிறார்கள். காலையில் கேண்டீன் பொங்கல், மாலையில் கச்சேரி, நடுவில் ஒருநாள் காஞ்சிபுரம், இன்னொரு நாள் மாமல்லபுரம். பல விடுதிக்காரர்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு இந்த ஒரு மாதத்தில்தான்.

இந்த நாட்காட்டியை யாரும் யோசித்துப் போடவில்லை. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பயனாக 1928-ல் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையும் மார்கழியும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து டிசம்பரை நிலைநிறுத்திவிட்டன. ஆனால் சென்னைக்கு ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் 60 விழுக்காடு வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மார்கழி பிறக்கும்போது மழை பொதுவாகத் தணிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சீசனே நடக்கிறது. தணிவதற்கு முன் வரும் கடைசி அடிதான் பல சமயம் பலமான அடி.

கேரளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதன் பிறகு சுற்றுலாப் பருவம். மழைக்காலத்தையே ஆயுர்வேத சிகிச்சைக்கு ஏற்ற காலம் என்று சொல்லி அவர்கள் விற்றுவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளம் பெருங்கேடு செய்தது, நேரு கோப்பை படகுப் போட்டி நவம்பருக்குத் தள்ளிப்போனது. ஆனாலும் முக்கியப் பருவத்துக்கு முன் மூச்சுவிட அவர்களுக்குச் சில மாதங்கள் இருந்தன.

சுற்றுலாவும் பேரிடரும் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, ஆஸ்திரேலியரான பில் ஃபாக்னர் 2001-ல் வெளியிட்ட கட்டுரை. பேரிடருக்கு முந்தைய காலம், அறிகுறி தெரியும் காலம், நெருக்கடி, உடனடிச் சீரமைப்பு, நீண்டகாலச் சீரமைப்பு, தெளிவு என்று ஆறு கட்டங்களாக அவர் பிரித்தார். வடக்கு ஆஸ்திரேலியாவில் கேத்தரின் என்ற சிற்றூர் 1998 ஜனவரிக் கடைசியில் வெள்ளத்தில் மூழ்கியதை வைத்து அந்தச் சட்டகத்தை அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் சோதித்தும் பார்த்தார்கள். அந்த ஊருக்குப் பயணிகள் திரளாக வருவது மழை ஓய்ந்த வறண்ட பருவத்தில். எல்லாரும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தைக் குறிவைத்து வேலை செய்ய முடிந்தது. ஃபாக்னரின் ஆறு கட்டங்களையும் சென்னைக்குக் கொண்டுவந்தால், நாலாவதும் ஐந்தாவதும் விருந்தினர் படியேறி வரும்போதே நடக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்துவைத்துக்கொள்வதில் உள்ள சங்கடம் இதுதான். அவை பேரிடர் முடிந்த பிறகு மீள்வதற்கு நேரம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுகின்றன.

மூன்று டிசம்பர்களும் மூன்று விதம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015-ல் புயலே இல்லை. நவம்பரிலேயே 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. 2016-ல் அடித்தது காற்று. மரம் விழுந்து தெருக்கள் அடைபட்டன, மின்சாரமும் இணையமும் போயின, தண்ணீர் பெரிய பிரச்சினையாக இல்லை. (அந்த ஆண்டு நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம், டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா மறைவு, ஒரு வாரத்தில் வர்தா. சீசனுக்கு விழுந்த மூன்று அடிகளில் ஒன்றுதான் இயற்கையின் கணக்கு.) 2023-ல் மிக்ஜாம் கடலிலேயே சென்னைக்கு அருகே மெதுவாக நகர்ந்து இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, டிசம்பர் 5-ல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. “புயல் ஆந்திராவுக்குப் போகுதாம்” என்று நிம்மதியடைந்தவர்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள். போன வெள்ளத்தை மனத்தில் வைத்து மணல் மூட்டை அடுக்கினால், வரப்போவது காற்றாக இருந்துவிடலாம்.

ஆகவே புயலின் பெயரும் அது கரையேறும் இடமும் விடுதிக்காரருக்கு அவ்வளவு முக்கியமில்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையம் அறிவிக்கும் நிறம் முக்கியம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர், சிவப்பு என்றால் அதற்கும் மேல். மாவட்டம் முழுவதற்குமான அறிவிப்பு அது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லாது. அதைத் தெருக்காரர்தான் அறிவார். சீத்தம்மாள் காலனியில் தண்ணீர் நிற்குமா, எல்டாம்ஸ் சாலைச் சந்திப்பில் ஆட்டோ போகுமா, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய இடத்தில் வடிகால் அடைபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் பழைய காவலாளியும் பால்காரரும் சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டு அறிவையும் ஒரு தாளில் எழுதி, எந்த நிறத்துக்கு யார் என்ன செய்வது என்று வரவேற்பு மேஜையில் ஒட்டிவைப்பது பெரிய வேலையில்லை. ஆரஞ்சு வந்ததும் டீசல் நிரப்புவது, தண்ணீர்த் தொட்டியை முழுதாக ஏற்றுவது, லிஃப்ட் குழியில் பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது, கையில் ரொக்கம் எடுத்துவைப்பது. ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்திலோ தரையோடு தரையாகவோ வைத்திருப்பவர்களுக்கு டீசல் இருந்தும் பயனில்லை. நகரில் தண்ணீர் தேங்கினால் மின்வாரியமே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது நம்பியிருப்பது அந்த ஒரே இயந்திரத்தைத்தான்.

2015-ல் விமானநிலையம் முடங்கியதுதான் சுற்றுலாத் தொழிலைத் தலைகீழாக்கியது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. ஆறு பொங்கியதும் விமானநிலையம் மூடப்பட்டு, டிசம்பர் 6-ல்தான் பயணிகள் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கின. இடையில் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து சில விமானங்கள் இயங்கின. செல்பேசிகள் பல இடங்களில் ஊமையாகின. 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ், மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாததால் டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. சர்வதேசத் திரைப்பட விழா ஜனவரிக்குப் போனது. சில சபாக்கள் நிகழ்ச்சிகளைக் குறைத்தன. அகாடமியில் சஞ்சய் சுப்ரமணியன் சங்கீத கலாநிதிக்குத் தேர்வான அந்த ஆண்டின் விழா நடக்கவே செய்தது. அதாவது கச்சேரி இருந்தது, அறை இருந்தது, தண்ணீரும் வடிந்துவிட்டது. வரவேண்டியவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் வரவில்லை.

இங்கேதான் காப்பீடு என்ற பேச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் 1 முதல் இரண்டு பொதுப் பாலிசிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் ரூ. 5 கோடி வரை சொத்துள்ள தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, ரூ. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் எல்லாம் இவற்றில் அடக்கம். சொத்து மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருந்தாலும் 15 விழுக்காடு வரை அதைக் காரணம் காட்டித் தொகையைக் குறைக்கமாட்டார்கள். ஆழ்வார்பேட்டையின் சராசரி சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு முதல் பாலிசியே போதும். பழைய தீவிபத்துப் பாலிசியில் புயல்-வெள்ளப் பிரிவை விலக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அந்தக் காலத்து மிச்சம்பிடிப்புப் பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் இந்தப் பாலிசிகள் தருவது சுவருக்கும் சோபாவுக்கும் மெத்தைக்கும் பணம். காலியாகக் கிடந்த அறைக்குத் தராது. அதற்கு லாப இழப்புக் காப்பீடு என்று தனியாக எடுக்க வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு: உங்கள் கட்டடத்துக்குக் காப்பீடு செய்த ஆபத்தால் சேதம் நேர்ந்து, அதனால் வியாபாரம் நின்றிருந்தால்தான் வழக்கமாகப் பணம். மீனம்பாக்கம் மூழ்கி, நியூஜெர்சித் தம்பதி பயணத்தை ரத்துசெய்து, ஆழ்வார்பேட்டை அறை துளி ஈரமில்லாமல் பூட்டிக் கிடந்தால், பாலிசியின் பார்வையில் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து அறை, ஒன்றுக்கு நாளுக்கு ரூ. 4,000, இருபது நாள் என்று வைத்துக்கொண்டால் ரூ. 8 லட்சம். அது முழுக்க விடுதிக்காரர் தலையில். வழி அடைபட்டால் கிடைக்கும் கூடுதல் பிரிவுகளைக் கேட்டு வாங்கலாம்தான். கேட்பவர்கள் குறைவு, கேட்டாலும் புரிந்து விற்கும் முகவர்கள் அதைவிடக் குறைவு.

சேதத்தை அளக்காமல், குறிப்பிட்ட அளவு மழையோ வெயிலோ பதிவானாலே பணம் தரும் காப்பீடு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நாகாலாந்து அரசு பேரிடருக்காக எடுத்திருக்கிறது. 2024 கோடையில் வெப்பம் எல்லை தாண்டியதும் சேவா அமைப்பின் உறுப்பினரான முறைசாராப் பெண் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேருக்கு ஆளுக்கு ரூ. 400 வீதம் நேராகப் போய்ச் சேர்ந்தது. தொகை சிறியது. ஆனால் சர்வேயர் வரும்வரை நனைந்த மெத்தையைக் காயப்போடாமல் காத்திருக்கத் தேவையில்லாத முறை அது. நுங்கம்பாக்கம் மழைமானியில் 20 சென்டிமீட்டர் பதிவானாலோ மீனம்பாக்கம் 24 மணி நேரத்துக்கு மேல் மூடினாலோ ஒரு தொகை என்று சபாக்களும் விடுதிகளும் கேண்டீன்காரர்களும் கூட்டாகப் பேரம் பேசினால் காப்பீட்டு நிறுவனங்கள் செவிசாய்க்கக்கூடும். தனித்தனியே போனால் யாரும் பேசமாட்டார்கள்.

டிராவல்ஸ்காரர்கள் பாடு வேறு. தண்ணீரில் நின்ற இன்னோவாவை, தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருகுவார்கள். காற்று போகும் வழியில் புகுந்த தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அமுக்குவதுபோல் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். வண்டி மூழ்கியது வெள்ளச் சேதம்; சாவியைத் திருகியதால் வந்தது பின்விளைவுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் பிரிக்கும். என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் கைப்பணத்தைத்தான் போட வேண்டும். டிரைவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க ஐந்து நிமிடம் போதும்: பேட்டரி ஒயரைக் கழற்று, டோயிங் வண்டியைக் கூப்பிடு, சாவியைத் தொடாதே. சிவப்பு அறிவிப்பு வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் சொந்தக் கார்கள் வரிசைகட்டி நிற்பதை இப்போது ஆண்டுதோறும் பார்க்கிறோம். கேலி செய்யப்பட்டாலும் அது கெட்டிக்காரத்தனம்தான்.

முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டுமா? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56-ம் பிரிவு, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது; 65-ம் பிரிவு, அப்படிச் செல்லாமல் போனால் வாங்கிய பயனைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் விடுதி திறந்திருக்கிறது, விருந்தினரால்தான் வந்துசேர முடியவில்லை என்றால் ஒப்பந்தம் முடியாமல் போனதா? வக்கீல்களுக்கு நல்ல தீனி. அதற்குப் பதில் முன்பதிவுச் சீட்டிலேயே இரண்டு வரி எழுதிவிடலாம்: விமானநிலையம் மூடப்பட்டாலோ சிவப்பு அறிவிப்பு இருந்தாலோ தேதியை மாற்றிக்கொள்ளலாம், அல்லது பணம் அடுத்த சீசனுக்கு வரவு. கோவாவில் ஒருமுறை வந்துபோகிறவரிடம் இது செல்லாது. சீசன் விருந்தினரோ வருடா வருடம் அதே அறையை, அதே ஜன்னலைக் கேட்கிறவர். அடுத்த ஆண்டு வரவு என்றால் அவருக்கும் சம்மதமாகவே இருக்கும்.

தொலைக்காட்சியில் ‘மிதக்கும் சென்னை’ என்று இரண்டு நாள் ஓடினால் உலகம் முழுவதும் அதுதான் சென்னை. வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவு முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை அழித்தது. மாவட்டத்தின் மற்ற இடங்களுக்கும் பயணிகள் வராமல் போகவே, ‘வயநாடு நிலச்சரிவு’ என்று சொல்லாமல் அந்த ஊர்களின் பெயரால் சொல்லுங்கள் என்று அங்கே உள்ள சுற்றுலாத் தொழிலினர் கேட்டுக்கொண்டார்கள். நாம் தொலைக்காட்சியைத் திருத்த முடியாது. விருந்தினருக்கு நேராக எழுத முடியும். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது, தைரியமாக வாருங்கள்’ என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இப்படி எழுதலாம்: “வணக்கம் சார். நம் தெருவில் நேற்றுக் காலை கணுக்காலளவு தண்ணீர் நின்றது, இப்போது இல்லை. கரண்ட் இரவு 9 மணிக்கு வந்தது. வைஃபை இன்னும் வரவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் இருக்கிறது. விமானநிலையத்திலிருந்து கிண்டி வழியாக வண்டி வருகிறது. மாமிக்கு மாடி ஏறுவது சிரமம் என்று சொல்லியிருந்தீர்கள், லிஃப்ட் ஓடுகிறது. அடுத்த தகவல் நாளைக் காலை 7 மணிக்கு.” இல்லாததையும் சொன்னதால் இருப்பதை நம்புவார்கள். ஏழு மணிக்கு எழுதத் தவறினால் நம்பமாட்டார்கள்.

இன்னொரு தர்மசங்கடமும் வரும். வெள்ளக் காலத்தில் மேட்டுப்பகுதி விடுதிகளைத் தேடி வருகிறவர்கள் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் வீடு மூழ்கிய சென்னைக்காரர்களே. அறை நிரம்பும், வாடகை ஏறும். அவர்கள் வீட்டைக் கழுவிக் குடியேற இரண்டு வாரம் ஆகும். அதற்குள் சீசன் விருந்தினர் வாசலில் நிற்பார். வெள்ளத்தில் வந்தவரை வெளியே போகச் சொல்வதா, ஆகஸ்டில் முன்பணம் தந்தவரை வேறிடம் பார்க்கச் சொல்வதா? பக்கத்து விடுதிக்காரரோடு முன்பே பேசிவைத்திருந்தால் இருவரையும் சமாளிக்கலாம். ஒரே தெருவில் போட்டி போடுகிறவர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம்.

ஊருக்கு வெளியே அழைத்துப் போகும் நிறுவனங்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை அடித்தபோது வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் யாத்திரிகர்கள் ஏராளமாக மாண்டார்கள், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையில் பல நூறு பேர் சிக்கிக்கொண்டார்கள். இன்று ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் இருக்கிறது. எச்சரிக்கை வந்தாலும் பேருந்தில் இருப்பது யார் யார் என்று அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமே. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பேர். அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 94 சென்டிமீட்டருக்கு மேல். பக்கத்துப் புதுக்குடி மக்கள் வெள்ளத்துக்கு நடுவே சமைத்துப் போட்டார்கள். கோயில் சுற்றுலா நடத்துகிறவர் பயணிகளின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், சாப்பிடும் மாத்திரை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வண்டியிலும் ஒன்றைச் சென்னையிலும் வைத்திருந்தால், முதல் இரண்டு நாளின் பதற்றத்தில் பாதி குறையும். சீசன் ரசிகர்களில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து எடுக்காதவர்கள் எத்தனை பேர்!

இவ்வளவு சொன்னபிறகும், ஆழ்வார்பேட்டை விடுதி ஒன்று டிசம்பரில் முதலில் எங்கே உடைகிறது என்றால், கட்டடத்திலோ கணக்கிலோ இல்லை. ஆட்கள் வந்துசேர முடியாமல் போவதில்தான். அறை சுத்தம் செய்யும் அம்மா, சமையல் உதவியாளர், இரவுக் காவலர் இவர்களில் பலர் ஒருகாலத்தில் பக்கத்துக் குப்பங்களிலும் ஆற்றங்கரையிலும் இருந்தவர்கள். 2000-க்குப் பிறகு அரசு அவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்குப் போயின. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்த விசித்திரம் அது. மழை வந்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்கிறது, பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்து நிற்கிறது. இங்கிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர். ஆழ்வார்பேட்டையில் வெயில் அடித்தாலும் துடைப்பம் பிடிக்க ஆள் இல்லை.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, நாட்காட்டியே அதற்கு வழிவிடுகிறது. விருந்தினர் பெரும்பாலும் டிசம்பர் 12-க்குப் பிறகே வருவதால் முதல் பத்து நாள் அறைகள் பாதி காலி. அவற்றில் இரண்டை ஊழியர்களுக்கு ஒதுக்கி, ஆரஞ்சு அறிவிப்பு வந்தவுடன் குடும்பத்தோடு வரச் சொல்லலாம். குடும்பத்தோடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பெரும்பாக்கத்து மூன்றாம் மாடியில் மின்சாரமில்லாமல் இருக்கும்போது எந்தத் தாயும் இங்கே வந்து படுக்கைவிரிப்பு மாற்றமாட்டார். மாற்றச் சொல்வதும் நியாயமில்லை. நவம்பர் சம்பளத்தையும் 25-ம் தேதியே கொடுத்துவிடலாம். 2015-ல் வெள்ளம் வந்தது மாதத்தின் முதல் தேதி. பல வீடுகளில் சம்பளம் கைக்கு வரவில்லை, அடுத்த சில நாள் ஏ.டி.எம். இயங்கவில்லை, பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றது.